தீவகத்துச் சைக்கிள் பாதை வேலியில் தொடங்குகிறது

சைக்கிளுக்குப் பாதை அமைப்பது என்றதும் தாரும் வெள்ளைக் கோடும்தான் நினைவுக்கு வருகின்றன. வீதியோரத்தில் ஒரு மீற்றர் அகலத்தை ஒதுக்கிக் கோடு கிழித்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் கொழும்பிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்தக் கோட்டால் பெரிய பயன் விளையாது. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் நிலம் தட்டையானது. மேடேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. வாகன நெரிசலும் நகரத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. நகரத்துச் சைக்கிளோட்டிகள் எவற்றைக் காட்டித் தனிப்பாதை கேட்கிறார்களோ அவை இங்கே பெரிய தொல்லைகளாக இல்லை. சைக்கிளில் போகிறவரை இடையில் இறங்கி உருட்டவைப்பவை காற்றும் வெயிலும்தான். இரண்டையும் தாரால் தடுக்க முடியாது; மரமும் உயிர்வேலியும் தடுக்கும். வீதியின் அடித்தளக் கல்லுக்கும் மதகுக்கும் எப்படிக் கணக்குப் போட்டு, பணம் ஒதுக்கி, பராமரிக்கிறோமோ அப்படியே வீதியோர மரவரிசைக்கும் வேலிக்கும் செய்ய வேண்டும் என்பதற்குப் பௌதிகத்திலும் தாவரவியலிலும் உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தாரைச் சைக்கிளில் ஏறும்படி யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கைக்கெட்டாமல் போனபோது விறகும் மரக்கறியும் நோயாளிகளும் சைக்கிள் கரியரில்தான் போனார்கள். மின்சாரமும் பற்றரியும் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தரும் மூன்று வாற்று மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். 2022 இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது பழைய லுமாலாச் சைக்கிள்கள் கொட்டிலிலிருந்து மீண்டும் வெளியே வந்தன. தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவோடு சேர்த்து ஒரு பெரும் சமூக வேலையாகச் செய்ய நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் மாணவிகள் வெகுகாலமாகவே அன்றாடக் காட்சி. பழக்கமும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, தட்டையான நிலமும் இருக்கிறது. அப்படியிருந்தும் பெற்றோல் கிடைத்தவுடன் சைக்கிள் பின்வாங்குகிறது. மோட்டார் சைக்கிளின் வேகமும் வசதியும் ஒரு காரணம். அதை மறுப்பதில் நியாயமில்லை. ஆனால் அந்த வேறுபாட்டில் எவ்வளவு இயந்திரத்தின் வலிமையால் வருவது, எவ்வளவு வீதியின் வெறுமையால் வருவது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். இரண்டாவது பங்கை நம்மால் குறைக்க முடியும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். வைகாசி முதல் புரட்டாதி வரை தீவகத்தில் சோளகம் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் இந்த வடக்கு முனையில் அது மழை கொண்டுவருவதில்லை. கடலுக்கு மேலால் தடையின்றி ஓடிவந்து, உயரமில்லாத தீவுகளைக் கடந்துபோகிறது. நிமிர்ந்து இருந்து சாதாரணச் சைக்கிள் ஓட்டும் ஒருவர் காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றர் போக ஏறக்குறைய 55 வாற்று வலு செலவிடுகிறார். அதில் பாதி சில்லுக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வுக்கும் மறுபாதி காற்றைத் தள்ளுவதற்கும் போகிறது. எதிரே மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தைக் காக்க 150 வாற்று வேண்டும். காற்றின் தடைவிசை சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால்தான் இவ்வளவு பெரிய தாவல். பயிற்சி இல்லாத ஓர் ஆரோக்கியமான ஆள் தொடர்ந்து தரக்கூடிய வலு 75 முதல் 100 வாற்று வரைதான் என்பதால், அவர் வேகத்தை 10, 11 கிலோமீற்றருக்கு இறக்குவதைத் தவிர வழியில்லை. பாடசாலைப் பிள்ளைக்கும் அறுபதைத் தாண்டியவருக்கும் அதுவும் முடியாது. போகும்போது தடுத்த காற்று வரும்போது தள்ளிவிடும்தானே என்று கேட்கலாம். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. எதிர்க்காற்று 95 வாற்று கூடுதலாகப் பறிக்கிறது; அதே காற்று பின்னால் இருந்து வீசினால் மிச்சமாவது ஏறத்தாழ 25 வாற்று மட்டும். மாறாக அந்த எதிர்க்காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டால் 150 வாற்று 95க்கு இறங்குகிறது, அதாவது சாதாரண மனிதரின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

காற்றைப் பாதியாகக் குறைப்பது பெரிய பொறியியல் வித்தை அல்ல. யாழ்ப்பாணத்து வேலிகள் அதைத்தான் செய்துவந்தன. காற்றுத்தடுப்புப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் ஓர் உண்மை உண்டு: முழுவதும் அடைத்த சுவரைவிட, பாதியளவு இடைவெளி விட்ட தடுப்பே நல்லது. அடைத்த மதிலில் மோதும் காற்று மேலே எகிறி, மறுபுறம் சுழன்று விழுகிறது. மதிலை ஒட்டிய சிறு பகுதியில் அமைதி, அதைத் தாண்டினால் கொந்தளிப்பு. இலையும் கிளையும் கலந்த வேலி காற்றில் ஒரு பகுதியை ஊடே விட்டு அதன் வேகத்தை உறிஞ்சிவிடுவதால், வேலியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு, அதற்கும் மேலான தூரம் வரை காற்றுத் தணிந்திருக்கும். நாலு மீற்றர் உயரமான பூவரசு வேலிக்குப் பின்னால் நாற்பது மீற்றர் நிலம் காப்புப் பெறுகிறது. பனையைப் பொறுத்தவரை, வளர்ந்த பனையின் தலை மேலே இருப்பதால் சைக்கிளில் போகிறவரின் நெஞ்சு மட்டத்தில் அது காற்றைத் தடுக்காது. தரையிலிருந்தே ஓலை விரிக்கும் வடலிதான் அந்த வேலையைச் செய்யும். ஆகவே வடலியும் பனையும் கலந்து நிற்கும் வரிசைக்கு ஒற்றை உயரத்தில் நிற்கும் முதிர்ந்த பனை வரிசையைவிட மதிப்பு அதிகம். நெடுந்தீவில் சாந்து பூசாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகளைக் கவனித்தால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான சந்துகளால் வெளிச்சம் தெரியும். மரம் வளரக் கஷ்டப்படும் நிலத்தில், மார்பளவு உயரத்தில், காற்றை வடித்து விடும் வேலி அது. அதன் பக்கத்தில் ஒரு பூவரசையோ தாழையையோ வளர்த்தால் அதன் பயன் இரட்டிப்பாகும்.

இந்த இடத்தில் வீதியோர மரநடுகைத் திட்டங்கள் வழக்கமாகத் தவறவிடும் ஒரு விடயம் இருக்கிறது. யாழ் நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதி தாண்டிப் புங்குடுதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் போகும் வீதி பெரும்பாலும் தென்மேற்கு நோக்கியே செல்கிறது. சோளகம் அந்த வீதியின் நீளவாட்டில் வருகிறது. வீதியின் இருபுறமும் எவ்வளவு அடர்ந்த வரிசை நட்டாலும், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே அந்தக் காற்று நேரே ஓடிவரும். அதைத் தணிக்க வேண்டுமானால் வீதிக்குக் குறுக்காக நிற்கும் தடுப்புகள் வேண்டும். அவை எங்கே இருக்கின்றன? பக்கத்து வளவுகளின் எல்லை வேலிகளில், ஒழுங்கைகளின் ஓரங்களில், தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலான வரம்புகளில். நூற்றுக்கணக்கான இந்தக் குறுக்கு வேலிகள் சேர்ந்து நிலத்தின் மேற்பரப்பைக் கரடாக்கி, தரையோடு ஒட்டிய காற்றின் வேகத்தை ஊர் முழுவதற்குமாகக் குறைக்கின்றன. இந்த வேலை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கைக்குள் இல்லை. வேலி வீட்டுக்காரருடையது. தீவகத்துச் சைக்கிள் பாதையை அரச திணைக்களம் தனித்துக் கட்டிவிட முடியாது, ஊர்தான் கட்ட முடியும் என்று சொல்வதற்கு உணர்ச்சி காரணமல்ல. காற்றின் திசையும் காணியின் உரிமையும் அப்படி அமைந்திருக்கின்றன. கிளுவையும் பூவரசும் நின்ற எல்லைகளில் இன்று கொங்கிறீற் மதிலும் முள்ளுக்கம்பியும் எழுவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். முள்ளுக்கம்பி காற்றை முழுதாக விடுகிறது. மதில் அதைச் சுழற்றி விடுகிறது, போதாததற்குப் பகல் முழுவதும் உறிஞ்சிய வெப்பத்தை மாலையில் வீதியில் போகிறவர் மேல் கொட்டுகிறது.

வெயிலின் கணக்கு இன்னும் நேரடியானது. நண்பகலில் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஏறக்குறைய 1000 வாற்று சூரிய ஆற்றல் விழுகிறது. சைக்கிள் மிதிப்பவரின் தசைகள் உண்ணும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. மீதி உடலுக்குள் வெப்பமாகிறது. 55 வாற்று வேலை செய்பவர் 150, 200 வாற்று வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். நேர் வெயிலும் சூடான தாரிலிருந்து எழும் வெப்பக்கதிரும் அதன்மேல் இன்னும் நூறு வாற்றுக்கு மேல் ஏற்றுகின்றன. உடலுக்கு இருக்கும் ஒரே வழி வியர்வை. ஈரப்பதம் மிகுந்த கடற்கரைக் காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. மரநிழலில் காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு பாகைதான் குறையும், அதைப் பார்த்து நிழலால் பெரிய பயனில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. வெப்பமானி காற்றை மட்டுமே அளக்கிறது. உடல் உணர்வது நாலா பக்கமிருந்தும் தன்மேல் விழும் கதிர்வீச்சையும் சேர்த்துத்தான். அந்தச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை அடர்ந்த நிழலில் இருபது, முப்பது பாகை இறங்குகிறது. தாருக்கும் இதே நன்மை. கலிபோர்னியாவின் மொடெஸ்ரோ நகரில் நடத்தி 2005 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மரநிழல் விழும் தெருக்கள் வெயிலில் கிடந்த தெருக்களைவிட நல்ல நிலையில் இருந்ததும், அவற்றுக்கு மீண்டும் தார் போடும் தேவை குறைந்ததும் தெரியவந்தது. தாரிலுள்ள எண்ணெய்ப் பகுதி வெப்பத்தில் ஆவியாகி, பிணைப்பு உலர்ந்து வெடிப்பதே வீதி முதுமையடையும் வழி. காப்பெற் வீதிக்குச் செலவிட்ட பணத்தைக் காக்க விரும்பும் பொறியியலாளருக்கும் மரம் வேண்டும்.

எந்த மரம்? இங்கேதான் நிலம் பேசத் தொடங்குகிறது. தீவகத்தின் அடியில் சுண்ணக்கல். மேலே பல இடங்களில் ஓரிரு சாண் மண். காற்றோடு உப்புத்துளி வருகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. பிறகு ஒன்பது மாதம் ஏறக்குறைய வறட்சி. இந்த நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொண்ட மரங்களை ஊர் ஏற்கனவே அறியும். பூவரசு கடற்கரைத் தாவரம். உப்பைத் தாங்கும், அகன்ற இலையால் அடர்ந்த நிழல் தரும், வெட்ட வெட்டத் தழைக்கும். அதன் குழையைத் தோட்ட மண்ணில் தாழ்த்தி உரமாக்குவது யாழ்ப்பாணத்து உழவின் பழைய முறை. புங்கு உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்குவதோடு வேர்முடிச்சுகளால் நைதரசனை நிலைப்படுத்தி ஏழை மண்ணைத் தேற்றுகிறது. வேம்பு ஆழமாக வேரோடும், ஆனால் நீர் தேங்கும் பள்ளத்தில் நிற்காது. இலுப்பையும் பாலையும் மெதுவாக வளர்ந்து தலைமுறைகளுக்கு நிற்பவை. கோயில் வீதிகளுக்கு அவை பொருத்தம். மருதுக்குக் குளக்கரை வேண்டும். ஆலும் அரசும் பெரிய நிழல் தருபவை, ஆனால் அவற்றின் வேர் தாரையும் மதகையும் பிளக்கும். வீதியிலிருந்து தள்ளி, சந்தியிலும் மடத்தடியிலும் நிற்கட்டும். வேர் வீதியை உடைக்கும் என்ற அச்சத்துக்குப் பனையிடம் நல்ல பதில் உண்டு. பனை ஒருவித்திலைத் தாவரம். அதன் வேர்கள் ஆண்டுதோறும் தடிக்கும் இயல்பு அற்றவை, முளைத்த பருமனிலேயே கடைசிவரை இருக்கும். ஆகவே மற்ற மரங்களைப் போல அவை தாரை மேலே தூக்குவதில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பெருந்தொகைப் பனைகள் வெட்டப்பட்ட மண்ணில் வீதியோரப் பனை விதைப்பு வேறு கடனையும் தீர்க்கும்.

சவுக்கை நட்டால் நாலைந்து வருடத்தில் உயர்ந்துவிடுமே, எதற்கு உள்ளூர் மரம் என்று பிடிவாதம் என்ற கேள்வி நியாயமானது. நெடுந்தீவின் பெருக்குமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது, புளியும் வெகுகாலத்துக்கு முன் அங்கிருந்தே வந்தது. இரண்டையும் வெட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பிறப்பிடம் பார்த்து மரத்துக்கு மதிப்பெண் போடுவது என் நோக்கமல்ல. வேலையைப் பார்த்தால் வேறுபாடு தெரிகிறது. சவுக்கின் ஊசிச் சருகு தடிப்பாக விழுந்து, கீழே வேறெதையும் எளிதில் முளைக்க விடுவதில்லை. அதன் அடிப்பகுதி காலப்போக்கில் வெறுமையாகி, சைக்கிளின் மட்டத்தில் காற்று மீண்டும் புகுகிறது. சீமைக்கருவேல் நட்ட இடத்தில் நிற்பதில்லை. ஆடுமாடு தின்று போடும் விதையால் தரிசு முழுக்கப் பரவுகிறது, அதன் முள் சைக்கிள் ரியூப்புக்கு எமன். நாவலும் ஆலும் பாலையும் பழம் தருவதால் பறவைகள் வருகின்றன, வேறு விதைகளைக் கொண்டுவந்து போடுகின்றன. வரிசை தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளத் தொடங்குகிறது. இன்னொன்று பார்த்தீனியம். 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குள் வந்த இந்தக் களை, கிளறிவிட்ட வெற்று வீதியோரத்தையே தன் வழியாக்கிப் பரவியது. தோல் அழற்சியும் மூச்சுத் தொல்லையும் தருவது. வெயிலை விரும்பும் செடி ஆகையால் நிழலும் அடர்ந்த கீழ்ச்செடிகளும் உள்ள ஓரத்தில் அது தளர்ந்துபோகிறது. ஆவரசும் நொச்சியும் அந்த அடித்தளத்தில் நிற்கலாம்.

தண்ணீர் பற்றிய மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. கோடையில் பவுசரில் குடிநீர் வாங்கும் மக்களிடம் மரத்துக்கு நீர் ஊற்றச் சொல்வது எப்படி? அதோடு, மரமே நிலத்தடி நன்னீரை உறிஞ்சிவிடாதா? தீவுகளின் அடியில் நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர் நீரின்மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபனும், 1901 இல் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் நன்னீர் இருக்க முடியும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே அதன் நாற்பது மடங்கு கரைகிறது. தீவகத்தில் மேலே நிற்பதே சொற்பம், ஆகவே அச்சம் பொய்யல்ல. ஆனால் வீதி தானே ஒரு நீரேந்து பரப்பு என்பதை மறக்கக்கூடாது. நாலு மீற்றர் அகலமான ஒரு கிலோமீற்றர் தார்வீதியில் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் மழை விழுவதாக வைத்தால் 40 இலட்சம் லீற்றர் நீர். இன்று அதில் பெரும்பகுதி வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடுகிறது. அதே கிலோமீற்றரில் ஒரு புறமாக எட்டு மீற்றருக்கு ஒன்றாக 125 கன்றுகள் நட்டு, கன்றுக்கு வாரம் இருமுறை பத்து லீற்றர் என்று வறட்சிக்காலம் முழுவதும் ஊற்றினாலும் ஓர் இலட்சம் லீற்றரைத் தாண்டாது. அது வீதியில் விழும் மழையின் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. வீதியோரத்தில் ஆழமற்ற பள்ளங்களை வெட்டி, நீரை அங்கே தேங்கவைத்து மண்ணுக்குள் இறக்கி, பள்ளத்தின் மேட்டில் மரம் நட்டால் வரிசை எடுப்பதைவிட வில்லைக்குச் சேர்வது அதிகமாக இருக்கும். வளர்ந்த மரங்கள் இதைவிட நிறையக் குடிக்கும் என்பது உண்மை; அதனால்தான் நன்னீர்க் கிணறுகளுக்கு மிக அண்மையில் பெரிய மரங்களை நெருக்கி நடக்கூடாது. கன்றுக்கு ஊற்றும் நீரையும் குறைக்கலாம். பூச்சில்லாத மண்முட்டியைக் கன்றின் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவைத்தால், மண் காய்ந்த அளவுக்குத்தான் நீர் கசியும். மேலே காவோலையைப் பரப்பினால் ஆவியாதலும் அடங்கும்.

ஆடுமாடு கன்றைத் தின்றுவிடும் என்பது அடுத்த முறைப்பாடு. இதற்கு விடை கதியாலில் இருக்கிறது. ஐப்பசி மழையை ஒட்டி ஆளுயரத்துக்கும் மேலான பூவரசங் கொம்பையோ கிளுவைக் கொம்பையோ வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, அலவாங்கால் குத்திய குழியில் இறக்கி, மண்ணை மிதித்து இறுக்குவார்கள். வெட்டிய தலையில் சாணம் அப்புவதும் உண்டு. கொம்பின் பட்டைக்கு உள்ளே இருக்கும் உயிரணுக்கள் மண்ணுக்குள் வேராகவும் மேலே துளிராகவும் பிரிகின்றன. துளிர் தலையில் வருவதால் முதல் நாளிலிருந்தே அது ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நாற்றுமேடைக் கன்று இந்த உயரத்தை எட்ட இரண்டு மூன்று வருடம் எடுக்கும், அதுவரை கூடு கட்டிக் காக்க வேண்டும். கதியாலுக்கு ஒரு குறையும் உண்டு: விதையிலிருந்து வரும் ஆணிவேர் அதற்கு இல்லாததால் பெருங்காற்றில் சாயலாம். அதனால் எல்லை வேலிக்குக் கதியால், வீதியோரப் பெருமரத்துக்கு விதைக்கன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. வருடத்தில் ஒருமுறை வேலியை வெட்டும்போது ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்கு உரமும் கிடைப்பதால் பராமரிப்புக்கு யாரும் தனியாகக் கூலி கொடுக்கத் தேவையில்லை.

ஆட்களே குறைந்துபோன தீவுகளில் இதெல்லாம் யாருக்காக என்றும் கேட்பார்கள். 1990, 1991 இடப்பெயர்வுக்குப் பின் தீவகம் தன் பழைய மக்கள்தொகைக்குத் திரும்பவில்லை. பூட்டிய வீடுகளும் வேலியற்ற வளவுகளும் புங்குடுதீவிலும் வேலணையிலும் வரிசையாக இருக்கின்றன. மிஞ்சியிருப்பவர்களில் பாடசாலைப் பிள்ளைகளும் முதியவர்களும் மோட்டார் சைக்கிள் வாங்க வசதியற்றவர்களும் பெரும்பங்கு. அடுத்த பஸ் எப்போது வரும் என்று காத்திருக்கும் இவர்களுக்குத்தான் சைக்கிள் உண்மையான சுதந்திரம். பூட்டிய வளவுகள் இந்தத் திட்டத்துக்குத் தடையாகவும் இருக்கலாம், வாய்ப்பாகவும் இருக்கலாம். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உரிமையாளரிடம் எல்லையில் கதியால் போட அனுமதி கேட்பது ஒரு தொலைபேசி அழைப்பு. கோயில் கோபுரத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் வாரி வழங்கும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்களிடம் வேலிக்குப் பணம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே நினைக்க வேண்டியதில்லை. அந்த வேலையைப் பொறுப்பேற்கச் சனசமூக நிலையங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன.

ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும் வேலணைக்கு லைடன் என்றும் தங்கள் நகரங்களின் பெயரை இட்டுச் சென்றார்கள். அந்த நகரங்கள் சைக்கிளுக்குப் பெயர்போனவை என்பதால், அது அவர்களது பிறவிக் குணம் என்று எண்ணிவிடுகிறோம். 1960களில் அங்கும் கார்கள் பெருகிச் சைக்கிள் சரிந்துகொண்டிருந்தது. வீதியில் குழந்தைகள் சாவதை எதிர்த்து 1970களில் பெற்றோர் தெருவில் இறங்கியதும், 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துதான் திசையை மாற்றின. டெல்ஃப்ற் நகரம் 1979 இல் வகுத்து 1980களில் கட்டிய சைக்கிள் வலைப்பின்னலின் மையக் கருத்து, துண்டு துண்டாகக் கிடந்த பாதைகளின் அறுபட்ட இடங்களைத் தொடுப்பதுதான். தட்பவெப்பம் வேறு என்பதால் அவர்களது கோட்டையும் நிறத்தையும் இங்கே கொண்டுவருவதில் பொருளில்லை. தொடர்ச்சி என்ற கருத்தை எடுத்துக்கொள்ளலாம். நிழலும் தொடர்ந்தால்தான் பயன். மூன்று கிலோமீற்றர் வழியில் இரண்டு கிலோமீற்றர் நிழலாக இருந்தாலும், மீதி ஒரு கிலோமீற்றர் வெட்டவெளிதான் ஒரு தாய் தன் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புவாரா என்பதை முடிவுசெய்யும். ஆகவே தீவு முழுவதும் ஆங்காங்கே நடுவதைவிட, ஒரு பாடசாலைக்கும் அதன் ஊருக்கும் இடையிலான வழியை முதலில் இடைவெளியின்றி முடிப்பது மேல்.

வீதியோர மரத்தில் வாகனம் மோதி உயிர் போகும் என்பதும் அதிகாரிகள் சொல்லும் காரணம். வேகமான நெடுஞ்சாலைக்கு அது சரி. பாதசாரியும் சைக்கிளும் வாகனமும் கலந்து போகும் வீதிகளில் மணிக்கு 30 கிலோமீற்றரே எல்லையாக இருக்க வேண்டும் என்று 2020 ஸ்ரொக்ஹோம் பிரகடனம் கேட்டது. தீவகத்துக் குடியிருப்பு வீதிகளுக்கு அந்த எல்லையே பொருந்தும். அந்த வேகத்தில் மரம் ஆபத்தானது அல்ல. சந்திகளில் பார்வை மறையாமலும், மின்கம்பிக்குக் கீழே உயரமான மரம் வராமலும் இடம் பார்த்து நடுவது வேறு விடயம்; அது அவசியம். எதிர்காலத்தில் வீதியை அகலமாக்க வேண்டிவந்தால் மரத்தை வெட்ட நேரிடும் என்ற கவலைக்கு, நடுவதற்கு முன்பே வீதி அபிவிருத்தி அதிகார சபையுடனும் பிரதேச சபையுடனும் எல்லைக்கோட்டை எழுத்தில் பெற்றுக்கொள்வதுதான் மருந்து.

தாம்போதிகளில் மரம் வேண்டாம். அங்கே மண்ணில்லை, இருபுறமும் பரவைக்கடல். அதன் சேற்றுவெளியில் கண்டல் நட்டுக் காற்றைத் தடுக்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தத் திறந்த சேறு வலசை வரும் பறவைகளின் உணவுத்தட்டு. நீரோட்டமும் ஏற்கனவே தாம்போதியால் குறுகியிருக்கிறது. தாம்போதியின் இரு முனைகளிலும் அந்தக் காலத்துச் சுமைதாங்கியும் மடமும் போல நிழலும் குடிநீரும் உள்ள இருப்பிடம் இருந்தால் போதும். குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகேறுகிறவர்கள் சைக்கிளை வெயிலில் விட்டுப் போகாமல் நிறுத்த ஒரு நிழற்கொட்டில் வேண்டும். ஆனியில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் சோளகத்தை எதிர்த்து வரும் அடியாருக்கும் அது உதவும்.

கடைசியாக, எண்ணும் முறை. வடக்கு மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. மழையைப் பார்த்தால் அது சரியான மாதம். ஆனால் கார்த்திகையில் எந்தக் கன்றும் பிழைக்கும், சோதனை வருவது ஆவணியில். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றும், பாதிக்கு மேல் பிழைத்தது 3 இடங்களில் மட்டுமே என்றும் கண்டது. பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்டபின் கவனிக்க ஆளின்மை ஆகியவையே காரணம். தீவகத்தின் வரிசைகளுக்கும் இதே கதி நேராமலிருக்க, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை யாரும் அறிக்கையாக ஏற்றுக்கொள்ளக் கூடாது. பணம் தரும் சங்கம் பாதியைக் கார்த்திகையில் கொடுத்து, மீதியை அடுத்தடுத்த இரண்டு ஆவணிகளில் உயிரோடு நிற்கும் மரங்களுக்கு மட்டும் கணக்கிட்டுக் கொடுக்கலாம். எண்ணும் பொறுப்பை அந்த வழியால் தினமும் சைக்கிளில் போகும் பாடசாலை மாணவரிடம் விடலாம். பட்டுப்போன இடங்களை அவர்கள் குறித்து வைத்தால், அடுத்த ஐப்பசிக்குக் கதியால் எங்கே வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்.